பரிபாடல் ஏடும் பண்ணின் தடமும்

பரிபாடலை வகுப்பில் நடத்துங்கால் ஆண்டுதோறும் எவரேனும் ஒரு மாணவர் எழுந்து கேட்கும் வேண்டுகோள் ஒன்றுண்டு. "ஐயா, நூலின் பெயரிலேயே பாடல் என்று இருக்கிறது. ஒன்றைப் பாடிக் காட்டுங்களேன்" என்பதே அது. நாம் அடிகளை உரக்கப் படித்துச் சீர் பிரித்துக் காட்டுவோம். அராகம் வரும் இடத்தில் சற்று விரைந்து ஒலிப்போம். பின்னர்ப் பாட்டின் இறுதியில் உள்ள பண்ணின் பெயரைச் சுட்டிவிட்டு அடுத்த பாட்டிற்குச் சென்றுவிடுவோம். உண்மையில் நாம் விடை கூறவில்லை; விடை போன்ற ஒன்றைக் கூறித் தப்பினோம் என்பதே பொருந்தும்.

அவ்வினாவை இம்முறை தப்பவிடாது பற்றிக்கொள்ள முற்படுகிறோம். பாடப்பட்ட ஒன்றை எழுத்து எவ்வளவு காத்துத் தரும்? வையையும் பரங்குன்றமும் பாடுபொருளாகிய நூல் பரிபாடல் ஆதலின் மதுரையில் கற்போர் இதனைக் கேட்பது இயல்பே. எனினும் விடையின் ஒரு பாதி மேலைநாட்டுச் சுவடிகள் சிலவற்றில் இருப்பதாக நாம் கருதுவதால், முதலில் அங்குச் சென்று மீள்வோம்.

தோலில் எழுதிய இசை

இத்தாலி நாட்டின் சியன்னா நகரில், பேராலயத்தை ஒட்டிப் பிக்கோலோமினி நூலகம் என்றொரு கூடம் உண்டு. அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ள பாடற்சுவடிகள் மறுமலர்ச்சிக் காலத்துக் கலைச்செல்வங்களுள் சிறந்தவை. லிபராலே தா வெரோனா, ஜிரோலமோ தா கிரெமோனா என்னும் ஓவியர் இருவர் 1460களிலும் 1470களிலும் அவற்றிற்கு வண்ணந்தீட்டினர். ஃபுளோரன்சு நகரின் சான் மார்க்கோ மடத்திலும் இத்தகைய சுவடிகள் உள்ளன. அவற்றுள் ஒன்று புகழ்பெற்ற துறவி ஓவியர் ஃபிரா ஆஞ்செலிகோவின் கைவண்ணம் பெற்றது.

இச்சுவடிகளில் எழுதப்பட்டிருப்பது கிரிகோரியன் இசை எனப்படும் இலத்தீன் வழிபாட்டிசை. குழுவினர் அனைவரும் ஒரே குரலாக, ஒரே இசைக்கோட்டில் பாடுவது அது. திருப்பலிக்குரிய பாடல்களைக் கொண்டது கிராதுவாலே என்றும், நாளின் வேளைதோறும் ஓதும் வழிபாட்டிற்குரியது அந்திபொனாரியம் என்றும் பெயர் பெறும். ஒருவர் மடியில் வைத்துப் படிக்கும் அளவின அல்ல இவை. உயர்ந்த சாய்மேசையின்மேல் சுவடியை விரித்து வைத்து, பாடகர் குழு முழுவதும் அதன்முன் நின்று, மங்கிய ஒளியிலும் தொலைவிலிருந்தே பார்த்துப் பாடவேண்டும். அதனால் எழுத்தும் பெரிது, ஏடும் பெரிது. ஆட்டுத்தோலையும் கன்றின் தோலையும் சுண்ணநீரில் ஊறவைத்து, மயிர் களைந்து, சட்டத்தில் இழுத்துக் கட்டிச் சுரண்டி மெலிதாக்கிய ஏடுகள் அவை. ஒரு சுவடிக்கு ஒரு மந்தையே வேண்டியிருக்கும்.

பாட்டின் முதலெழுத்தைப் பெரிதாக வரைந்து, அதன் வயிற்றுக்குள் சமயக் காட்சி ஒன்றைத் தீட்டுவது வழக்கம். பொன் தகட்டை ஒட்டி, வழுவழுப்பான கல்லால் தேய்த்து ஒளியேற்றுவர். வானம் தீட்டும் நீலம் ஆப்கானிய நாட்டுப் பதக்சான் மலையில் வெட்டியெடுத்த கல்லின் பொடி. முஸ்லிம் நாடுகளின் வணிகப் பாதைகளைக் கடந்து வெனிசுத் துறைமுகம் சேர்ந்த அந்நீலத்திற்குக் 'கடலுக்கு அப்பாலது' என்னும் பொருளிலேயே பெயர் வழங்கியது. ஒரு சமயத்தாரின் பாட்டுப் புத்தகத்திற்கு மற்றொரு சமயத்தாரின் மலையும் வணிகரும் வண்ணம் தந்த வரலாறு தனியே எழுதத்தக்கது.

ஆயினும் பாடுவோனுக்கு உதவியது பொன்னும் அன்று, நீலமும் அன்று. சொற்களுக்கு மேலே ஓடும் நான்கு கோடுகளும், அவற்றின் மீதும் இடையிலும் அமர்ந்த சிறு கருஞ்சதுரங்களுமே அவனுக்கு வழிகாட்டின. சதுரம் மேலேறினால் குரல் ஏறும், கீழிறங்கினால் குரல் இறங்கும். பதினோராம் நூற்றாண்டில் அரெஸ்ஸோ நகர்த் துறவி கீதோ இக்கோட்டுமுறையைச் செம்மைசெய்து பரப்பினார். அதற்கு முன்பும் ஐரோப்பியர் சொல்லின் தலைமேல் வளைவும் நெளிவுமான குறிகளை இட்டனர். ஆனால் கோடில்லாத அக்குறிகள், பாட்டை முன்பே ஆசிரியர் வாயிலாகக் கேட்டவனுக்கு நினைவூட்டுவன. கேளாதவனுக்கு ஊமைக் குறிகளே. கீதோவின் கோடு வந்தபின், முன்பு கேட்டிராத பாட்டையும் மாணவன் ஏட்டைப் பார்த்தே பாடலாயிற்று.

அழகே இச்சுவடிகளுக்குக் கேடாயும் முடிந்தது என்பதையும் சொல்லவேண்டும். நெப்போலியன் காலத்துப் போர்களில் ஆலயங்களும் மடங்களும் சூறையாடப்பட்டபோது, ஓவிய எழுத்துகளை மட்டும் கத்தரித்தெடுத்து விற்கும் வணிகம் தழைத்தது. உரோமாபுரியின் சிஸ்தைன் சிற்றாலயச் சுவடிகளிலிருந்து அறுக்கப்பட்ட ஓவியங்களைச் செலொத்தி என்னும் பாதிரியார் 1825இல் இலண்டனில் ஏலமிட்டார். ஓவியத்தின் பின்புறத்தில் இருந்த பாட்டு பாதியாக வெட்டுண்டு போனதைப் பற்றி வாங்கியவர்க்குக் கவலை இல்லை. அழகற்ற பழஞ்சுவடிகளே பிற்காலத்தில் கைகொடுத்தன. பிரான்சு நாட்டுச் சொலேம் மடத்துத் துறவிகள் பற்பல நாட்டுப் பழஞ்சுவடிகளை ஒப்பிட்டு, 1889 முதல் நிழற்படப் பதிப்புகளாகவும் வெளியிட்டு, மங்கிப்போயிருந்த இசையைப் பெரும்பாலும் மீட்டனர். குரலின் ஏற்ற இறக்கம் மீண்டது. தாளத்தின் அளவு பற்றி மட்டும் இன்றளவும் வழக்கு தீரவில்லை.

குறியும் வாயும்

அரபு எழுத்து வரலாற்றிலும் இதனையொத்த ஒரு சிக்கல் உண்டு. திருக்குர்ஆனின் தொடக்ககாலப் பிரதிகளில் உயிர்க்குறிகள் இல்லை. அபுல் அஸ்வத் அத்துஅலீ அவர்கள் வண்ணப் புள்ளிகளால் உயிரொலிகளைச் சுட்ட வழிவகுத்தார் என்றும், பின்வந்த கலீல் இப்னு அஹ்மத் அவர்கள் இன்று நாம் அறிந்த குறிகளை வகுத்தார் என்றும் கூறுவர். நிறுத்தற் குறிகளும் வந்து சேர்ந்தன. பொன்னும் நீலமும் கொண்டு அணிசெய்த பிரதிகளும் தோன்றின, கி.பி. 1000-1001இல் இப்னுல் பவ்வாப் பகுதாதில் எழுதிய பிரதி, டப்ளின் நகரச் செஸ்டர் பீட்டி நூலகத்தில் இன்றும் உள்ளது. எனினும் ஓதும் ஓசையை எவரும் ஏட்டில் இறக்கவில்லை. ஓதுதல் இசைப்பாட்டு அன்று என்பதால் அதற்கு இசைக்குறி தேடவும் இல்லை. ஆசான் வாயிலிருந்து மாணாக்கன் செவிக்கும், மாணாக்கன் வாயிலிருந்து ஆசான் செவிக்கும் மீண்டும் மீண்டும் சென்றே அது காக்கப்பட்டது. எழுத்து அங்கே சான்று, காவலன் வாய்தான். இவ்வேறுபாட்டை மனங்கொண்டால் பரிபாடலின் நிலை எளிதில் விளங்கும்.

தமிழ்நாட்டிலும் நூல் என்பது நெடுங்காலம் வாயாலும் செவியாலும் உலவியதே. சியன்னாச் சுவடிகள் எழுதப்பட்டு நூறாண்டு கழிந்து, 1572இல், வண்ணப் பரிமளப் புலவரின் ஆயிரமசலா இம்மதுரையிலேதான் அரங்கேறியது. முழுமையாகக் கிடைக்கும் இசுலாமியத் தமிழ் நூல்களுள் காலத்தால் முந்தியதாக அதனைப் போற்றுகிறோம். அரங்கேறுதல் என்ற சொல்லையே நோக்குக. நூல் அவையில் ஒலித்த பின்னரே நூலாயிற்று.

இருபத்திரண்டு பாட்டுகள்

எட்டுத்தொகையுள் பரிபாடல் எழுபது பாட்டுகளைக் கொண்டிருந்தது. திருமாலுக்கு எட்டு, செவ்வேளுக்கு முப்பத்தொன்று, காடுகிழாளுக்கு ஒன்று, வையைக்கு இருபத்தாறு, மதுரைக்கு நான்கு என்று பழைய வெண்பா ஒன்று கணக்குக் கூறும். உ.வே. சாமிநாதையர் அவர்கள் பரிமேலழகர் உரையுடன் 1918இல் முதன்முதலாகப் பதிப்பித்தபோது, தொடர்ச்சியாகக் கிடைத்தவை இருபத்திரண்டே. திருமாலுக்கு ஆறு, செவ்வேளுக்கு எட்டு, வையைக்கு எட்டு. காடுகிழாள் பாட்டு போயிற்று. மதுரைப் பாட்டுகளுள் எஞ்சியவை, புறத்திரட்டு முதலிய பழந்தொகைகளும் உரைகளும் எடுத்தாண்டமையால் பிழைத்த பகுதிகளே. ஊரைத் தாமரையாகவும் தெருக்களை அதன் இதழ்களாகவும் காணும் உவமை அவ்வாறு பிழைத்ததுதான். வஞ்சியும் உறந்தையும் கோழி கூவத் துயிலெழும், மதுரையோ மறையோதும் ஒலி கேட்டுத் துயிலெழும் என்ற செய்தியும் அதனோடு பிழைத்தது. மறையொலியால் விடிந்த ஊர் என்று தன்னைப் பாடிக்கொண்ட ஊரின் பாட்டிலேயே நான்கில் ஒன்றும் தொகைநூலின் உடலில் நிற்கவில்லை.

கிடைத்த பாட்டுகளின் இறுதியில் உள்ள குறிப்புகளுக்கு வருவோம். பாடியவர் பெயர், இசை வகுத்தவர் பெயர், பண்ணின் பெயர் என மூன்று செய்திகள் அங்கே உள்ளன. சங்கத் தொகைகளுள் வேறெதிலும் பாட்டிற்கு இசையமைத்தவர் பெயர் இவ்வாறு குறிக்கப்படவில்லை. கடுவன் இளவெயினனார் இயற்றிய மூன்றாம், நான்காம் பாட்டுகளுக்கு இசை வகுத்தவர் பெட்டனாகனார். ஏழாம் பாட்டிற்குப் பித்தாமத்தர். பதினான்காம் பாட்டில் சொல்லும் இசையும் ஒருவரே, கேசவனார். இருபத்தொன்றாம் பாட்டை இயற்றியவர் நல்லச்சுதனார், இசை கண்ணகனார். இசை வகுத்தோருள் மிகுதியாகத் தோன்றும் பெயர் மருத்துவன் நல்லச்சுதனார். நல்லச்சுதனார் என்று வாளா குறிக்கப்படுபவரும் இவரும் ஒருவரோ இருவரோ என்பது ஆராயத்தக்கது. பகலில் நாடி பார்த்தவர் மாலையில் யாழ் பற்றினாரோ என்று எண்ண நமக்கு ஆசைதான். மருத்துவன் என்னும் அடைக்கு மேல் சான்று இல்லை.

புலவரைப் போற்றி இசைவாணரை மறக்கும் பழக்கம் நம்மிடையே ஆழ வேரூன்றியது. தேர்வுத் தாளில் பரிபாடற் புலவர் பதின்மூவரைக் கூறும் மாணவர், பித்தாமத்தர் பெயரைக் கேட்டதேயில்லை என்பர். ஏடு எழுதியோர் அப்பெயர்களை விடாது எழுதி வந்தனர். நாம் அச்சு நூலில் அவற்றைச் சிறிய எழுத்தில் கண்டு தாண்டிவிடுகிறோம்.

பண்களின் நிரலில்தான் நம்மை நெடுநேரம் நிற்கவைத்த செய்தி உள்ளது. இரண்டு முதல் பன்னிரண்டு வரையுள்ள பாட்டுகளுக்குப் பண் பாலையாழ். பதின்மூன்று முதல் பதினேழு வரை நோதிறம். பதினெட்டு முதல் இருபத்தொன்று வரை காந்தாரம். திருமால் பாட்டும் செவ்வேள் பாட்டும் வையைப் பாட்டும் விரவி வருவது ஏன் என்று மாணவர் மயங்குவதுண்டு. பாடுபொருளை நோக்கினால் இது கலைந்த அடுக்கு. பண்ணை நோக்கினால் ஒழுங்கான அடுக்கு. அகநானூறு திணை நோக்கியும், ஐங்குறுநூறு நூறு நூறாகவும் அடுக்கப்பட்டதை அறிவோம். பரிபாடலை அடுக்கியவர் கையில் யாழ் இருந்திருக்கவேண்டும், அல்லது யாழ் வல்லார் அருகில் இருந்திருக்கவேண்டும் என்பது நம் கருத்து. ஒரு பண்ணுக்கு யாழைச் சுருதி கூட்டியபின், அப்பண்ணில் அமைந்த பாட்டுகளையெல்லாம் ஒருங்கே பாடி முடித்து, பின்னர் அடுத்த பண்ணுக்குச் செல்வது பாடுவோர்க்கு வசதி. படிப்போர்க்கு அதனால் பயனில்லை. ஆகவே பரிபாடல் ஏடு, சியன்னாச் சுவடியைப் போலவே, பாடுவோரைக் கருதி எழுந்த ஏடு என்று கொள்வதில் தவறில்லை.

ஓவியம் இல்லாத ஏட்டில் ஓவியம்

பனையோலையில் வண்ணந்தீட்ட இடம் குறைவு. எழுத்தாணியால் கீறி, கரியும் இலைச்சாறும் தடவித் துடைத்தால் எழுத்து கருத்துத் தோன்றும். அவ்வளவே அதன் அணி. இலக்கியச் சுவடிகளில் மெய்க்குப் புள்ளி பெரும்பாலும் இராது. எகர ஏகாரமும், ஒகர ஓகாரமும் வேறுபடா. காலும் ரகரமும் ஓருருவாய் நிற்கும். அடி முடிவைக் காட்ட இடைவெளியும் இல்லை. உரைநடைக்கே இது தொல்லை. அராகம் போல் குற்றெழுத்து அடுக்கி உருண்டோடும் உறுப்பில் குறில் நெடில் மயங்கினால் சந்தமே குலைந்துவிடும். எழுதுவோர் செய்த பிழையும், எழுத்துருவின் ஒப்புமையால் நேர்ந்த பாடப்பிழையும் மலிந்து நூல் கெட்டிருந்ததையும், அவற்றைக் களைந்து பரிமேலழகர் உரை கண்டதையும் அவ்வுரையின் சிறப்புப்பாயிரமே பதிவு செய்துள்ளது.

ஏட்டில் ஓவியம் இல்லையே தவிர, பாட்டில் உண்டு. நப்பண்ணனார் இயற்றி, மருத்துவன் நல்லச்சுதனார் காந்தாரத்தில் இசை வகுத்த பத்தொன்பதாம் பாட்டு நம்மைப் பரங்குன்றத்திற்கு அழைத்துச் செல்கிறது. பாண்டியன் சுற்றத்தோடு குன்றை வலம் வருகிறான். ஊர் திரண்டு நிற்கிறது. அங்கே ஓர் ஓவிய மண்டபம். நாள்மீனும் கோள்மீனும் தீட்டிய ஓவியத்தைச் சிலர் கண்டு ஞாயிற்றின் நிலையை அறிகின்றனர். இருவர் உருவத்தைக் காட்டி இவர் யாவர் என்று கேட்பார்க்கு, இவள் இரதி, இவன் காமன் என்று உடன்வந்தோர் விடையிறுக்கின்றனர். மற்றோரிடத்தில் பூனை, அது இந்திரன் என்றும், இவள் அகலிகை, இவன் வெளியே சென்ற கவுதமன், அவன் சினத்தால் இவள் கல்லானாள் என்றும் ஒருவர் சுட்டிச் சொல்ல, மற்றவர் கேட்கின்றனர். அம்மண்டபம் இன்று இல்லை. இன்றுள்ள குடைவரையோ பிற்காலப் பாண்டியர் பணி. சுவர் அழிந்து ஓலை நின்றது. ஓவியத்தின் செய்தியைக் காத்துத் தந்த அப்பாட்டு, தன் இசையைக் காத்துக்கொள்ள முடியாமற் போனது.

காத்துக்கொள்ள முடியாமைக்குக் காரணம் தமிழர்க்கு இசைக்குறி தெரியாமை என்று கூறுவார் உளர். அதனை நாம் ஏற்கவில்லை. புதுக்கோட்டையை அடுத்த குடுமியான்மலையில், ஏழாம் நூற்றாண்டினது எனப்படும் கல்வெட்டொன்று பாறைமுகத்தில் உள்ளது. உருத்திராச்சாரியாரின் மாணவனான சிவபத்தன் ஒருவன், அரசன், மாணவர் நலங்கருதி ஏழு பிரிவுகளாகச் சுரங்களையே வெட்டுவித்தான். நான்கு நான்கு சுரமாய்க் கூறுபட்டு அவை நிற்கின்றன. வடமொழிக் கல்வெட்டாயினும், இவை எட்டிற்கும் ஏழிற்கும் உரியன என்னும் தமிழ்த் தொடர் இறுதியில் உண்டு. கல்லில் சுரத்தை எழுதக் கற்றவர்க்கு ஓலையில் எழுதுதல் அரிதன்று. எனினும் பாட்டு ஏடுகளில் அவர்கள் அதனைச் செய்யவில்லை. பண்ணின் பெயரைச் சொன்னால் போதும், பாடுவோன் அறிவான் என்ற நம்பிக்கையே அதற்குக் காரணம் எனத் தோன்றுகிறது. பாலையாழ் என்பது அக்காலப் பாணன் ஒருவனுக்கு, கீதோவுக்கு முந்திய ஐரோப்பியத் துறவிக்கு வளைகுறி இருந்தது போல, கேட்ட ஒன்றை நினைவூட்டும் சொல். பாணர் மரபு தேய்ந்தபோது சொல் மட்டும் ஓலையில் தங்கிவிட்டது.

மூன்று பண்களுள் காந்தாரம் ஒன்றன் பெயர் தேவாரப் பண்களிலும் தொடர்கிறது. ஓதுவார்கள் அதனை நவரோசு இராகத்தில் பாடுகின்றனர். அதனைக் கேட்கும்போது நப்பண்ணனாரின் பாட்டும் இவ்வாறுதான் ஒலித்ததோ என்று உள்ளம் தாவும். பெயர் ஒன்றாயிருப்பதால் இசையும் ஒன்று என்று கூறிவிட முடியாது. இடையில் நூற்றாண்டுகள் பல. ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்திலும், விபுலானந்த அடிகள் 1947இல் வெளியிட்ட யாழ் நூலிலும் பழம்பண்களைக் கணக்கிட்டு மீட்கப் பெரிதும் முயன்றனர். சுரங்களின் அடைவை அவர்களால் நெருங்க முடிந்தது. பெட்டனாகனார் எந்தச் சொல்லில் குரலை உயர்த்தினார், எங்கே நிறுத்தினார் என்பது எக்கணக்கிலும் அடங்காது.

ஏடுகள் அழிந்த வகையும் நினைக்கத்தக்கது. மேலைநாட்டார் அழகை விரும்பிச் சுவடியை வெட்டினர். நம்மவர் புனிதத்தை விரும்பி எரித்தனர். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் வரகுணபாண்டியன் ஏட்டுச் சுவடிகளைத் தேடிச் சென்ற சாமிநாதையர், சிதைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஆகுதி செய்துவிட்டார்கள் என்று கேட்டு நொந்ததை எழுதியுள்ளார். வேறு சில இல்லங்களில் ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விட்டனர். புதுப்புனலைப் பாடிய பாட்டு புதுப்புனலோடேயே போயிருக்கவும் கூடும். வையைக்கு 1959இல் அணை கட்டிய பின்னர் அப்புனல் வருவதே அரிதாயிற்று. நம் மாணவர் ஆற்று மணலில் நடந்தே பாலத்தின் அடியைக் கடக்கின்றனர்.

இனி அடுத்த ஆண்டு அவ்வேண்டுகோள் எழும்போது, பாட முடியாது என்பதையே முதலில் கூறுவோம். பிறகு இருபத்திரண்டாம் பாட்டைத் திறந்து காட்டுவோம். அது வையைப் பாட்டு. அதன் இறுதி கிட்டவில்லை. ஆகவே பாடியவரும் தெரியவில்லை, இசை வகுத்தவரும் தெரியவில்லை, பண்ணும் தெரியவில்லை. முதற்பாட்டிற்கும் இதே நிலை. எனினும் முதற்பாட்டு, அடுத்துப் பதினொரு பாலையாழ்ப் பாட்டுகள் நிற்பதால், அப்பண்ணுக்கே உரியதாகலாம் என்று ஊகிக்க இடமுண்டு. இருபத்திரண்டாம் பாட்டிற்கு அவ்வாறு துணியவும் இயலாது. முன்நிற்கும் நான்கும் காந்தாரம். பின்நின்ற நாற்பத்தெட்டும் இல்லை. அது காந்தாரத்தின் ஐந்தாம் பாட்டாக இருக்கலாம். அல்லது நான்காவது பண் ஒன்றின் முதற்பாட்டாகவும் இருக்கலாம்.